ஸ்டோரில் காயவைத்த பேட்டரி

கத்தரீனாளின் மூக்குக்கு அந்த எஸ்டேட்டில் ஒரு மரியாதை இருந்தது. ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரை ஒரு பெண் கையில் விடுவது சாந்தன்பாறைப் பக்கம் அவ்வளவாக வழக்கமில்லை. இவளிடம் விட்டதற்கு அந்த மூக்குதான் காரணம். கதவிடுக்கில் முகத்தை வைத்து ஒரு மூச்சு இழுத்தால் போதும், உள்ளே காய் இன்னும் வியர்த்துக்கொண்டிருக்கிறதா, பக்குவத்துக்கு வந்துவிட்டதா, கருகப் பார்க்கிறதா என்று சொல்லிவிடுவாள். அதே மூக்கு வீட்டுக்குள் அவளை நிம்மதியாக இருக்கவிட்டதில்லை. புருஷன் சுவக்கீன் எதைக் குடித்துவிட்டு, அதை மறைக்க எதை மென்றுகொண்டு வருகிறான் என்பது அவன் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் திருப்பத்தில் இருமும்போதே தெரிந்துவிடும். தெரிந்து என்ன பண்ணுவது. கல்யாணமான நாளிலிருந்து தெரிந்துகொண்டேதான் இருக்கிறாள்.

ஸ்டோர் என்பது தகரக்கூரை போட்ட நீளமான கல் அறை. அடுப்பு வாய் வெளியே, சுவரோரம். விறகை வெளியில் நின்றுதான் தள்ள வேண்டும். அந்தச் சூடு ஒரு பெரிய தகரக் குழாய் வழியாக உள்ளே புகுந்து, தரையோடு அறையைச் சுற்றி வந்து, மறுபக்கம் புகையாக வெளியேறும். சுவர் நெடுகக் கம்பிவலைத் தட்டுகள். பறித்துக் கழுவிய காயை அதில் பரப்பி ஒரு பகலும் ஒரு ராத்திரியும் விட்டால் பச்சை மாறாமல் கலகலவென்று வந்துவிடும். சூடு கூடினால் காய் வெளுத்து வெடிக்கும், குறைந்தால் பூஞ்சை பிடிக்கும். இதற்கும் மேலே ஏலக்காய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் வாடையை வாங்கிக்கொள்ளும். அதனால் காய் காயும் நாட்களில் கத்தரீனாள் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை, பூண்டு உரிப்பதில்லை.

ஆனால் ஆடி பிறந்துவிட்டால் அந்த மலையில் ஸ்டோரைத் தவிர வேறெங்கும் எதுவும் காயாது. மஞ்சுமூட்டம் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். கொடியில் போட்ட துணி போட்டபடியே நாற ஆரம்பிக்கும். அதனால் லயத்துச் சனம் சகலத்தையும் ஸ்டோருக்குத் தூக்கிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் ஷூ, பிள்ளைத்தாய்ச்சியின் கம்பளி, பாதரின் அங்கி, நனைந்துபோன கல்யாண ஆல்பம். கதவோரம் அதற்கென்றே ஒரு கம்பி கட்டி, அடியில் ஒரு பலகையும் போட்டிருந்தது. சுத்தமாகத் துவைத்ததா என்று மோந்து பார்த்துத்தான் கத்தரீனாள் உள்ளே விடுவாள். முன்பு எஸ்டேட்டில் பெட்ரோல் ஜீப் இருந்த காலத்தில், மழையில் அது கிளம்பாவிட்டால் டிரைவர் சுவக்கீன் பிளக்கையெல்லாம் கழற்றி அந்தப் பலகையில் கொண்டுவந்து வைப்பான். கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், ஜீப்பும் கிளம்பிவிடும். அதை ஏதோ உலகத்தில் தான் ஒருத்தனே கண்டுபிடித்த வித்தை மாதிரி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்த வீட்டுக்குத்தான் சித்திரையில் கரண்ட் ஸ்கூட்டர் வந்தது. மகள் ஜோமோள் பூப்பாறையில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறாள். பஸ் ஏறுவதற்கே ஒரு மலை இறங்கி ஒரு மலை ஏற வேண்டும். அட்டை கடித்து ரத்தம் வழியும் காலோடு லேபில் போய் நின்றால், ரத்தம் கொடுக்க வந்தவர்கள் இவள் காலைத்தான் பார்ப்பார்கள். சிரமப்பட்டுச் சேர்த்து வாங்கினாள். வெள்ளை ஸ்கூட்டர் சத்தமில்லாமல் வந்து லயத்து முற்றத்தில் நின்றபோது பிள்ளைகள் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சுவக்கீன் மட்டும் தொடவில்லை. சுற்றி வந்து, குனிந்து அடியில் பார்த்து, யாரோ தன்னை ஏமாற்றிவிட்ட மாதிரி மூஞ்சியை வைத்துக்கொண்டான்.

"கியர் எங்கட்டி?"

"கெடையாதுப்பா."

"செயினு?"

"அதுவும் கெடையாது. மோட்டாரு இந்தப் பின்சக்கரத்துக்குள்ளயே இருக்கு. ஒரு பக்கம் காந்தம், ஒரு பக்கம் கம்பிச்சுருள். சுருளுக்கு மாத்தி மாத்திக் கரண்ட் விட்டா அது காந்தத்தத் தள்ளும், சக்கரம் சுத்தும். நீங்க கைப்பிடிய எவ்வளவு முறுக்குதீகன்னு பாத்து ஒரு பெட்டி அளந்து அளந்து விடும். அவ்வளவுதான் வண்டி."

"கரண்ட் எங்கருந்து வருது?"

"சீட்டத் தூக்குங்க. இதான் பேட்டரி. தனியாக் கழத்தி வீட்டுக்குள்ள கொண்டுபோயும் சார்ஜ் போட்டுக்கிடலாம்."

"சத்தமும் இல்ல, பொகையும் இல்ல. இதெல்லாம் ஒரு வண்டி," என்றான் சுவக்கீன். "ஆம்பள ஓட்டுனா ஊரு சிரிக்கும்."

"நீங்க ஓட்டாண்டாம். ஆனா ஓட்டுனா ஒண்ணு சொல்லுதேன், எறக்கத்துல சாவிய அணைச்சிராதீக. எறங்கும்போது சக்கரந்தான் மோட்டாரச் சுத்தும். அப்ப மோட்டாரே கரண்ட்ட உண்டாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். வண்டியையும் பைய புடிச்சு நிறுத்தும். அணைச்சா ரெண்டும் இல்ல, வெறும் பிரேக்கு மட்டுந்தான்."

"எனக்கே எறக்கம் படிச்சுத் தாரியா. இந்த மலையில எறக்கத்துல எஞ்சின ஓடவிட்டு எறங்குனவன் எவனுமே டிரைவர் இல்லட்டி."

அவன் சொன்னதில் பொய்யில்லை. இப்போதிருக்கும் டீசல் ஜீப்பை அவன் அப்படித்தான் ஓட்டுகிறான். அதற்குச் சாவி திருகினால் கிளம்பும் பழக்கம் போய் வெகுகாலம். ராத்திரி மேட்டில் நிறுத்தி, காலையில் எஞ்சின் இல்லாமலே உருட்டிவிட்டு, வேகம் பிடித்தபின் கிளட்சை விட்டுக் கிளப்புவான். மேடில்லாத இடத்தில் நின்றுவிட்டால் தள்ளுவதற்கு ஸ்டோரில் விறகு தள்ளும் பவுலூஸ் இருக்கிறான்.

பவுலூஸ் ஜார்க்கண்டுக்காரன். அந்த மலையில் வடக்கேயிருந்து யார் வந்தாலும் பெங்காலிதான். அவனும் அவன் பெண்டாட்டி பூல்மணியும் ஸ்டோருக்குப் பின்னால் உரமூட்டை வைக்கும் அறையில் குடியிருந்தார்கள். வேதக்காரர்கள். கோயிலில் கடைசி வரிசையில் நிற்பார்கள். பூசையில் சமாதானம் சொல்லும் நேரத்தில் முன்வரிசைக்காரர்கள் திரும்பிக் கைகூப்ப மறந்துவிடுவார்கள். பவுலூஸ் மட்டும் எல்லோருடைய முதுகுக்கும் ஒழுங்காகக் கைகூப்புவான்.

அப்படியெல்லாம் பேசிய சுவக்கீன்தான் ஆடி மழையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஜோமோள் அசந்து தூங்கும்போது, ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு பூப்பாறை பிராந்திக்கடைக்குப் போனான். இறக்கம் முழுக்கச் சாவியை அணைத்துவிட்டு உருண்டிருக்கிறான். பிரேக் கருகிய வாடை அவன் கால்சட்டையில் ஏறியிருந்தது. திரும்பும்போது அடிவாரத்தில் தோடு என்கிற ஓடை பெருகிச் சின்னப் பாலத்துக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி ஜீப்பாக இருந்தால் தண்ணீர் வடியட்டும் என்று நின்றிருப்பான். இது மகள் வண்டிதானே. இறக்கினான், நடுவில் சாய்ந்தான், ஸ்கூட்டர் சீட்டுவரை முங்கியது. தூக்கி நிமிர்த்தித் தள்ளிக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி முற்றத்தில் நிறுத்தி, ஒரு பழைய துணியால் துடைத்தும் வைத்தான். பாட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாயங்காலம் ஜோமோள் சார்ஜ் போட்டால் ஏறவில்லை. சிவப்பு விளக்கு எரிந்தது.

"தண்ணிக்குள்ள விட்டீகளா?"

"மழையில நனையாம ஒரு வண்டி இருக்குமாட்டி?"

"அப்பா, உள்ளத சொல்லுங்க. திட்டமாட்டேன்."

"லேசா நனைஞ்சிருக்கும். காஞ்சா சரியாப் போவும்."

ஜோமோள் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூடினாள். லேபில் நோயாளிகளிடம் பேசுகிற குரலை வரவழைத்துக்கொண்டாள். "இது செத்துப் போகல. உள்ள டார்ச் பேட்டரி மாதிரி சின்னச் சின்னக் குழாயா நெறைய அடுக்கியிருக்கு. அதுகளுக்குக் காவலா ஒரு போர்டு இருக்கு. தண்ணியோ சூடோ அளவு மீறுனா அது பூட்டிக்கிடும். கரண்ட்ட உள்ளயும் விடாது, வெளியயும் விடாது. நெடுங்கண்டத்துல இருந்து கம்பெனி மெக்கானிக்கு வருவான். அதுவரைக்கும் யாரும் தொடாண்டாம். காயவும் வைக்காண்டாம்."

சுவக்கீன் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் அவன் ஒத்துக்கொண்டதாக அர்த்தமில்லை என்பது கத்தரீனாளுக்குத் தெரியும். ஆனால் அப்போது ஸ்டோருக்குப் புதுக் காய் வந்து இறங்கியிருந்தது, அவள் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பைப் பவுலூஸிடம் சொல்லிவிட்டு, கத்தரீனாளும் ஜோமோளும் முதல் பூசைக்குப் போனார்கள். சுவக்கீன் முட்டி வலிக்கிறது என்று படுத்துவிட்டான். பூசை முடிந்து குடையை மடக்காமல் மலையேறி வரும்போது, லயத்துக்குக் கொஞ்சம் கீழேயே கத்தரீனாள் நின்றுவிட்டாள். மழை வாடையையும் அழுகின இலை வாடையையும் தாண்டி ஒன்று வந்தது. இனிப்பான வாடை. நகப்பூச்சுப் புட்டியை வெந்த பிளாஸ்டிக்கில் கவிழ்த்த மாதிரி. அது தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டது. சேலையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஸ்டோரை நோக்கி ஓடினாள்.

ஸ்டோர் கதவு அகலத் திறந்து கிடந்தது. கறுப்புப் புகை மெதுவாக வெளியேறிக்கொண்டிருந்தது. காய்த் தட்டுகளைப் பாதிக்குமேல் யாரோ வெளியே இழுத்து மழையில் போட்டிருந்தார்கள். இழுத்தவன் பவுலூஸ். அவன் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அவனைச் சுவரோடு நிறுத்திவைத்து, சூப்பர்வைசர் இன்னாசிராஜும் நாலைந்து ஆண்களும் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் முட்டி வலிக்காரன் சுவக்கீன்.

"பீடி குடிச்சுக்கிட்டே உள்ள போயிருக்கான் மைனி," என்றான் இன்னாசிராஜ். "நீங்க ஒரு மணிக்கூறு கோயிலுக்குப் போனா இங்க இதான் நடக்கு."

"நான் பீடி குடிக்கில்ல சேச்சி," என்றான் பவுலூஸ். பெரிய ஆள், குரல் மட்டும் சின்னது. "நான் வெளிய விறகு. உள்ள டப்புனு சத்தம். கதவு திறந்தேன். புகை. தட்டு எடுத்தேன். அப்ப சுவக்கீன் சேட்டன் வந்து சாக்குல எடுத்து..."

சுவக்கீன் அவன் வாயிலேயே அடித்தான். "எனக்கே சொல்லுதியாலே" என்று கேட்டுக்கொண்டு இன்னொன்றும் அடித்தான். அடித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். கத்தரீனாள் பார்த்துக்கொண்டே நின்றாள். எத்தனையோ ஆத்திரத்தில் அவன் அவளை அடித்திருக்கிறான். இந்த அடியில் ஆத்திரமே இல்லை, அவசரம்தான் இருந்தது.

அன்று மத்தியானம் இன்னாசிராஜ் பெண்களைக் காய் பிரிக்க ஸ்டோர் முன்னால் உட்கார வைத்தான். வெடித்ததும் கருகியதும் தனியாக, கரி படிந்தது தனியாக. கரி படிந்ததைத் துணியால் துடைத்து, நேற்று காய்ந்த நல்ல காயோடு கலந்து, வண்டன்மேடு ஏலத்துக்கு அனுப்ப வேண்டும். இது அவன் யோசனை.

"வாடை போவாது," என்றாள் கத்தரீனாள்.

"கலந்தாப் போயிரும்."

"நல்லதும் கெடும். ஏலக்காயப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"உங்க மூக்கு எல்லாருக்கும் இல்ல மைனி. பாயசத்துல போடுதவன் மோந்து பாத்தா போடப்போறான். தொடைங்க."

துடைத்தார்கள். ஒவ்வொரு காயாக எடுத்து, ஈரத்துணியில் உருட்டி, மறு கூடையில் போட வேண்டும். விரலெல்லாம் கரி. கரியோடு அந்த இனிப்பு வாடை. ஒரு பெண் வாந்தியெடுக்க எழுந்து போனாள். திரும்பி வந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அவளும் பவுலூஸைத்தான் திட்டினாள். யாரோ எங்கேயோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் பாயசத்தில் இதைத் தட்டிப் போடுவார்கள் என்று கத்தரீனாள் நினைத்தாள். நினைத்துக்கொண்டே துடைத்தாள். தன் கை மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள் நேராக முற்றத்துக்குப் போய் ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கினாள். காலி. அவள் எதிர்பார்த்ததுதான். ஆனாலும் அந்தக் காலிக் குழியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையில் நின்றாள்.

உள்ளே சுவக்கீன் கப்பையும் மத்திக் குழம்பும் தின்றுகொண்டிருந்தான். ஜோமோள் கட்டன்சாயாக் கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தபோதே அவளுக்கும் தெரியும் என்று தெரிந்தது.

"பேட்டரி எங்க?" என்றாள் கத்தரீனாள்.

"பொறத்தால, விறகுக்கு அடியில," என்றான் சுவக்கீன், ஏதோ அரிவாளைக் கேட்ட மாதிரி.

"ஸ்டோருல கொண்டுபோயி வச்சீகளா?"

"பலகையில வச்சா ஆமைவேகம். குழாய் மேல வச்சேன். பிளக்கு காயவைக்கல? டைனமோ காயவைக்கல? அது மாதிரிதான்."

ஜோமோள் கிளாசைக் கீழே வைத்தாள். "அதும் இதும் ஒண்ணாப்பா? அந்தக் குழாய் மேல கைய வைக்க முடியுமா? உள்ள இருக்கதெல்லாம் மூடி அடைச்ச சரக்கு. சூடு ஏற ஏற உள்ள ஆவி கட்டும், ஒரு அளவுக்கு மேல ஒண்ணு பொட்டி வெடிக்கும், அந்தச் சூட்டுல பக்கத்துல இருக்கது பொட்டும். எல்லாம் பொட்டியிருந்தா ஸ்டோரே இருக்காது."

"காவலுக்குப் போர்டு இருக்குன்னு நீதான சொன்ன."

"போர்டு கரண்ட்டத்தான் தடுக்கும். வெளிய இருந்து வர்ற சூட்ட அது என்ன செய்யும்?"

"அப்ப காவல்னு ஏன் சொல்லணும்," என்றான் சுவக்கீன், மத்தி முள்ளை வாயிலிருந்து இழுத்துக்கொண்டே. அதைத் தட்டோரத்தில் வைத்தான். அந்த விரல் நகத்திலும் கரி இருந்தது. கழுவாமலே தின்கிறான்.

"விறகுக்கு அடியில வைக்காதீக, மறுபடியும் புடிக்கும்," என்று ஜோமோள் எழுந்து போய், சாக்கோடு இழுத்து, வாழையடியில் மழையில் போட்டுவிட்டு வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"பவுலூஸ நாளைக்கு அனுப்புதாகளாம்," என்றாள் கத்தரீனாள். "ரெண்டு பேரையும். இன்னாசிராஜ் முதலாளிக்கு போன் போட்டுச் சொல்லிட்டான்."

"போட்டும். பெங்காலிக்கு வேற எஸ்டேட்டா இல்ல?"

"அவன் என்ன தப்பு செஞ்சான்?"

"தப்பு செஞ்சவன் எவன்னு சொன்னா இந்த வீட்ட விட்டுப் போகணும். ஒன் ஸ்டோர் வேல போவும். எங்க போயி இருப்ப? தேனியில ஒங்கப்பன் மாளிகை கட்டி வச்சிருக்கானா?"

கத்தரீனாள் மகளைப் பார்த்தாள். ஜோமோள் படித்தவள். ஒருவர் கையில் ஊசி குத்துவதற்கு முன்னால்கூட வலிக்குமே என்று முகம் சுளிப்பவள். அவள் ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தாள்.

ஜோமோள் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "அம்மா, தண்ணி உள்ள போயி வெடிச்சிருச்சுன்னு சொன்னா ஒருவேள கம்பெனிக்காரன் வேற பேட்டரி தருவான். காயவச்சதுன்னு தெரிஞ்சா வாரண்டி கெடையாது. பேட்டரி இல்லாட்டி அது வெறும் கூடு. நான் மறுபடியும் நடக்கணும்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணும் இல்ல. கொஞ்சம் பொறுத்துச் சொல்லலாம்னு சொல்லுதேன். மெக்கானிக்கு வந்துட்டுப் போவட்டும்."

கத்தரீனாளுக்கு அந்த அறையில் மூச்சு முட்டியது. மீன் வாடை, ஈரச் சட்டை வாடை, பிராந்தி வாடை, எல்லாவற்றுக்கும் மேலே அந்த இனிப்பு. அது சுவக்கீன் மேலிருந்து வருகிறதா, மகள் மேலிருந்து வருகிறதா, தன் விரலிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியவில்லை. இத்தனை நாள் வராத சந்தேகம் அவள் மூக்குக்கு வந்தது. தட்டில் போட்ட கப்பையைத் தொடாமல் எழுந்தாள். ஆனால் அவளும் அன்றைக்கு எங்கும் போய் எதுவும் சொல்லவில்லை. அடுப்புக்கு விறகு பார்க்க வேண்டும் என்று தனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு ஸ்டோருக்குப் போய், பின்னறையில் பூல்மணி சாமான் கட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விடிந்ததும் பூல்மணியே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் மழைக்கோட்டு, மடித்து. போன வருஷம் கத்தரீனாள் கொடுத்தது.

"வச்சுக்கோம்மா," என்றாள் கத்தரீனாள். "மழை பெய்யுது."

பூல்மணி வேண்டாமென்று தலையாட்டினாள். வாசலில் நின்றபடியே உள்ளே பார்த்தாள். சுவக்கீனின் ஸ்வெட்டர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் மூக்கு லேசாகச் சுருங்கியது. மழைக்கோட்டை வாசற்படியில் வைத்தாள், தொட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், போய்விட்டாள்.

கத்தரீனாளுக்கு உச்சி வரைக்கும் எரிந்தது. தன் வீட்டு வாசலில் நின்று ஒருத்தி மூக்கைச் சுளித்துவிட்டுப் போகிறாள், அது நியாயமாகவும் இருக்கிறது. சீ, என்ன பிழைப்பு இது என்று வாய்விட்டே சொன்னாள். பின்பக்கம் போய் வாழையடியிலிருந்து சாக்கை இழுத்தாள். பச்சைக் காய் மூட்டை தூக்குகிற மாதிரி இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். ஜோமோள் பின்னாலேயே "அம்மா, அம்மா" என்று முற்றம்வரை வந்தாள். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

காலையில் ஆள் எண்ணி வேலை பிரிக்கும் மஸ்டர் கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். பக்கத்து மேட்டில் ஜீப் நின்றது. பவுலூஸின் மூட்டையும் ஒரு தகரப்பெட்டியும் உள்ளே ஏற்றியாகிவிட்டது, அவனும் பூல்மணியும் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. அவர்களைக் கீழே பஸ் வரைக்கும் கொண்டுபோய் விடுகிற டிரைவர் சுவக்கீன்தான். ஸ்டியரிங்கில் சாய்ந்துகொண்டு, இந்த மழையில் இவனுகளுக்காக வண்டி எடுக்க வேண்டியிருக்கு என்று யாரிடமோ அலுத்துக்கொண்டிருந்தான். நேற்று அடித்தவன். இன்றைக்கு அலுப்பு வேறு.

கத்தரீனாள் சாக்கை ஜீப்பின் முன்மூடியில் வைத்து, வாயைப் பிரித்து, கீழே உருவினாள். பேட்டரி ஒரு பக்கம் ஊதி, தகடு பிளந்து, உள்ளே குழாய்கள் கருகித் தெரிந்தன. வாடை கிளம்பியது. முன்னால் நின்றவர்கள் பின்வாங்கினார்கள்.

"இது எங்க வீட்டுது," என்றாள். "என் புருஷன் குழாய் மேல காயவச்சது. பவுலூஸ் பீடி குடிக்கல. அவன் தட்ட இழுத்துப் போடாட்டி ஸ்டோர் போயிருக்கும்."

சுவக்கீன் ஜீப்பிலிருந்து இறங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இன்னாசிராஜ் அவள் பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் பேசினான். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா மைனி? எனக்கும் மூக்கு இருக்கு. ஒங்க ஆள எறக்கணும்னா யூனியன்காரன் வருவான், பாதர் வருவாரு, பத்து நாளைக்கு வேல நடக்காது. இவன்னா ஒரு ஜீப்பு போதும். எல்லாருக்கும் நல்லதுக்குத்தான செஞ்சேன். பேசாமப் போயி அடுப்பப் பாருங்க."

அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காறித் துப்ப வேண்டும் போல வாயில் எச்சில் ஊறியது. துப்பாமல் விழுங்கிக்கொண்டு பவுலூஸிடம் திரும்பினாள். "எறங்குப்பா. சாமான எறக்கு. முதலாளிகிட்ட நான் பேசுதேன்."

பவுலூஸ் இறங்கினான், பின்னாலேயே பூல்மணியும். மூட்டையையும் பெட்டியையும் இறக்கினான். துணி சுற்றிய கையால் பிடிக்க முடியாமல் முழங்கையால் அணைத்துத்தான் இறக்கினான். ஆனால் பின்னறைப் பக்கம் போகவில்லை. மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ரோட்டைப் பார்த்துத் திரும்பினான்.

"வேண்டா சேச்சி," என்றான். "நாங்க போறோம். நடந்து போறோம்."

"அதான் சொல்லிட்டேனே."

"சேச்சி இன்னைக்கு சொன்னது. நேத்தும் எல்லாருக்கும் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னான். பூல்மணி தகரப்பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். கத்தரீனாள் ஓடிப்போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்து வளையத்தைப் பிடித்தாள். பூல்மணி பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கத்தரீனாள் கையை எடுத்துவிட்டு, பக்கத்திலேயே நடந்தாள். எதற்கு நடக்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பிப் போய் அந்தக் கொட்டகையில் நிற்க முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

முதல் வளைவு தாண்டியபோது பின்னால் ஈரக் கல்லில் டயர் நசுங்கும் சத்தம். ஜீப். எஞ்சின் ஓடவில்லை. வழக்கம்போல உருட்டிக்கொண்டுதான் வந்தான். ஆனால் மூன்று பேரும் நடக்கிற வேகத்துக்கு, நொடிக்கு நொடி பிரேக்கை மிதித்துக்கொண்டு. பிரேக் கீச்சிட்டது.

"ஏட்டி, ஏறு," என்றான் சுவக்கீன் தலையை வெளியே நீட்டி. "சனம் பாக்கு."

அவள் திரும்பவில்லை.

"ஒரு பெங்காலிக்காக வீட்ட எரிச்சிட்டு எங்க போற? அவனே ஒன்னைய வேண்டாம்னுட்டான். ஏறுன்னா ஏறு. அவுகளையும் ஏறச் சொல்லு, நானே கொண்டுபோயி விடுதேன். நான் என்ன விடமாட்டேன்னா சொன்னேன்?"

மழை வலுத்தது. ஏலச்செடிகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அட்டைகள் காலில் ஏறின, யாரும் நின்று எடுக்கவில்லை. இறக்கம் முழுவதும் அவன் பேசிக்கொண்டே வந்தான். ஒரு சமயம் கெஞ்சினான். ஒரு சமயம் அவளுடைய அப்பனைத் திட்டினான். ஒரு சமயம், நிஜமாகவே புரியாதவனாக, "காயத்தானட்டி வச்சேன்" என்றான். அதற்கு மட்டும் கத்தரீனாளுக்கு ஒரு கணம் நடை தடுமாறியது. அவன் சொன்னது உண்மைதான். நேற்று பவுலூஸின் வாயில் விழுந்த அடியை நினைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள்.

அடிவாரத்தில் தோட்டுப் பாலம். தண்ணீர் வடிந்து பாலம் தெரிந்தது. அதற்கப்புறம் கொஞ்சம் சமதளம், பின்பு பஸ் ரோட்டுக்கு ஏற்றம். எப்போதும் சுவக்கீன் கடைசி இறக்கத்தில் ஜீப்பை விட்டடித்து, பாலத்துக்கு முன்னால் கிளட்சை விட்டு எஞ்சினைக் கிளப்பிவிடுவான். இன்றைக்கு நடைவேகத்தில் வந்த ஜீப்பில் வேகமே இல்லை. கிளட்சை விட்டான். ஜீப் ஒரு குலுக்குக் குலுக்கி, பாலத்து நடுவில் நின்றது. சாவியைத் திருகினான். உள்ளே ஏதோ டிக்கென்றது, அவ்வளவுதான்.

"பவுலூஸே," என்று கூப்பிட்டான். பழக்கத்தில் வந்த குரல். அதிகாரம்கூட இல்லை அதில். "ஒரு கை குடுறா. தள்ளு."

பவுலூஸும் பழக்கத்தில்தான் நின்றான். மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி ரோட்டோரத்தில் வைத்தான். ஜீப்பை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். பிறகு தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். சுற்றியிருந்த துணி மழையில் ஊறித் தொங்கியது.

கத்தரீனாள் ஜீப்பின் பக்கமே திரும்பாமல் சொன்னாள். "நீ வாப்பா. காயவச்சவரு எறங்கித் தள்ளுவாரு."

பவுலூஸ் கொஞ்ச நேரம் யோசித்தான். திரும்பி வந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டான். ஏற்றம் தொடங்கியது. பின்னால் சுவக்கீன் ஹாரனை அழுத்தினான். ஜீப் பேட்டரியில் சக்தி இல்லை, அது ஒரு ஆட்டுக்குட்டி இருமுகிற மாதிரி கேட்டது. விட்டு விட்டு அழுத்திக்கொண்டே இருந்தான்.

பாதி ஏற்றத்தில் பூல்மணி நின்று மூச்சு வாங்கினாள். பெட்டியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, கத்தரீனாளின் பக்கம் இருந்த வளையத்தை விட்டாள். கத்தரீனாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.